டிரினிடாட் லீக்கைச் சுமந்து வந்தவர்

நாங்கள் யாருமே கண்ணால் காணாத ஒரு தீவில் மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்து முடிந்த பந்தாட்டத்துக்காக, இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். கிழிந்தது என் சட்டை. சண்டைக்கு மூலகாரணமான மனிதர் நாலடி தள்ளி நின்று கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் முதலில் கை வைத்தது என்று கங்காணி அவரைத்தான் கேட்டார்.

"நான் பாக்கலங்க. பலகையப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர்.

அவர் எங்கள் தோட்டத்துத் தப்பால்காரர். கொட்டகலைத் தபால் கந்தோருக்கு தினமும் நடந்து போய், பங்களாவுக்கும் ஆபீசுக்கும் வரும் கடிதங்களைத் தோல் பையில் சுமந்து வருவது அவர் வேலை. ஒல்லியான, நெட்டையான ஆள். கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். மழை பெய்தால் குடையைப் பைக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்து வருவார். கேலி செய்தால் பையில் இருப்பது காகிதம், தன் மேல் இருப்பது தோல், எது காயும் என்று நீயே சொல் என்பார். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்குத் தப்பால், எங்களைப் போன்ற இளவட்டங்களுக்கு அண்ணன்.

அவருடைய பையில் டிரினிடாட் வந்து சேர்ந்த கதை இது. எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு துரை வந்தார். அதற்கு முன் அவர் மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட்டில் கொக்கோத் தோட்டம் பார்த்தவராம். அதனால் அவருக்குக் கொக்கோ துரை என்று பெயர் வைத்துவிட்டோம். ஊரை விட்டாலும் அந்த ஊர்ப் பத்திரிகையை அவர் விடவில்லை. கப்பலில் இரண்டு மூன்று மாதம் ஊறி, கட்டுக்கட்டாக வரும். பை கனத்தால் டிரினிடாட் வந்திருக்கிறது என்று அர்த்தம். துரை படித்து முடித்ததும் பங்களாச் சமையல்கட்டுக்குப் போகும் அந்தக் காகிதத்தை, அடுப்புக்குப் போகும் முன் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கடிதத்து மேல்விலாசம் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டத் தெரியும், எண்கள் தெரியும். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக டீம்களின் பெயரும் எதிரே எண்களும் இருந்ததைக் கண்டுபிடித்தார். கொட்டகலைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த, இங்கிலீஷ் தெரிந்த முஸ்லிம் நானாவிடம் காட்டி விளக்கம் கேட்டார். அந்தத் தீவின் முதல் டிவிஷன் கால்பந்து லீக் அது. ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமமானால் ஒன்று. கடைசியில் வருகிற டீமை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள் என்று நானா சொன்னார். கடைசியில் சொன்ன விஷயம் அண்ணனை ரொம்பவும் பாதித்துவிட்டது. இப்படி ஒரு ஆபத்து இருக்கும்போது யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று நினைத்தாரோ என்னவோ, மறுவாரமே துரையிடம் கேட்டு ஒரு பழைய கரும்பலகை வாங்கிப் பெரட்டுக்களத்துக் கொட்டகைச் சுவரில் மாட்டினார். காலையில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற இடம் பெரட்டுக்களம். முந்நூறு பேர் தினமும் நிற்கிற இடத்தில் எதை எழுதிப் போட்டாலும் பார்ப்பார்கள்தானே.

பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள். ஆறு மாதத்தில், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயத்துக்கு ஒரு டீமாகத் தத்து எடுத்துக்கொண்டார்கள். மேட்டு லயம் துறைமுகக்காரர்கள் டீமை எடுத்துக்கொண்டது. பள்ளத்துப் பணிய லயத்துக்கு எண்ணெய்க் கிணற்று டீம். எங்கள் லயத்துக்குக் கிடைத்தது ரயில்வே. ரயில் ஓடுகிற சத்தத்தில் தூங்குகிறவர்கள் என்ற ஒரே பாசத்தில் அதைத் தேர்ந்தெடுத்து, நாலு வருஷம் தலைகுனிந்து நின்றோம். கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டே, "என்னண்ணே, எங்க எண்ணக்காரங்க என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள்.

இங்கேதான் அண்ணனின் குணத்தைச் சொல்ல வேண்டும். கட்டுகள் வரிசையாக வராது. ஆனியில் நடந்த ஆட்டம் முதலில் வரும், வைகாசியில் நடந்தது பிறகு வரும். ஆனி முடிவு கையில் இருந்தாலும் வைகாசி வரும்வரை எழுத மாட்டார். கேட்டால் சொல்லவும் மாட்டார். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பின்னாலேயே அலைந்திருக்கிறேன். அந்த முகத்தில் மழையும் வெயிலும் தவிர வேறெதுவும் தெரியாது.

ஒரு தடவை ஒரு வாரத்துப் பத்திரிகை வரவே இல்லை. விசாரித்ததில், துரைசானி ரோஜாச் செடியின் வேரில் அதைச் சுற்றித் தலவாக்கலையில் ஒரு தோட்டத்துத் துரைசானிக்கு அனுப்பிவிட்டது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தலவாக்கலைக்கு நடந்தார். அங்கே தோட்டக்காரனைக் கெஞ்சி, எருக்குழியில் கிடந்த காகிதத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தால் பாதி மக்கிப்போயிருந்தது. ரயில்வேக்கும் எண்ணெய்க்காரர்களுக்கும் நடந்த ஆட்டம். ரயில்வே இரண்டு கோல் என்பது தெரிகிறது. எதிரி எத்தனை என்ற இடத்தில் ஓட்டை.

அவர் பலகையில் ரயில்வே இரண்டு என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார். எங்கள் லயமே கொதித்தது. அந்த வருஷம் நாங்கள் ஜெயித்ததே அபூர்வம். அடுத்த வாரத்துப் பட்டியலில் எங்களுக்கு இரண்டு புள்ளி ஏறியிருக்கிறது, ஆகவே ஜெயித்தது நிச்சயம், அவர்கள் ஒன்றோ பூச்சியமோதான், ஏதாவது ஒன்றை எழுதினால் என்ன என்று நான் வாதாடினேன்.

"ஜெயிச்சது தெரியுது, அதனால புள்ளி போட்டுட்டேன். எத்தனங்கறத நான் பாக்கல, தம்பி" என்றார்.

அந்த இடம் வருஷம் முடியும்வரை வெறுமையாகவே இருந்தது. பணிய லயத்துக்காரன் ஒருவன் அதைச் சுட்டிக்காட்டி, நீங்கள் ஜெயித்ததே சந்தேகம்தான் என்றான். சட்டை கிழிந்தது அப்போதுதான்.

இந்தக் குணத்தில் கொடுமை இல்லையா என்றால், இருந்தது. ஆனால் வேறு ஒன்றும் இருந்தது. ஒரு வாரத்துப் பத்திரிகையில் ஒரு டீமின் ஆட்டக்காரர்கள் பெயர் போட்டிருந்தது. அதில் ஒரு பெயரை நானா வாசித்துவிட்டு, இது முத்து என்றல்லவா இருக்கிறது என்றார். தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்து எடுக்கும் காமாட்சி அக்காவின் பாட்டனோடு பிறந்தவர் ஒருவர் திருச்சிப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அவர் பெயரும் முத்துதானாம். அது எங்கள் வாரிசாகத்தான் இருக்கும், நீங்களே சொல்லுங்கள் என்று அவள் பெரட்டுக்களத்தில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு அந்த நாள் தீபாவளி. அவர் சொல்லவில்லை. பேர்தான் இருக்கிறது, ஆளை நான் பார்க்கவில்லை என்றார். அவள் முகம் வாடியதைக் கண்டு எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. மறுநாள் அவர் அந்தப் பெயர் இருந்த துண்டைக் கத்தரித்து, கடுதாசி உறை ஒன்றில் போட்டு, துரைக்குக் கடிதம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். இல்லையென்றும் நான் பாக்கலம்மா என்றார். காமாட்சி அக்கா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

டிரினிடாட்டைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு, எங்கள் பக்கத்து ஆறு தோட்டங்களும் ஒரு லீக் தொடங்கின. அதே இரண்டு புள்ளி, அதே கட்டம், பலகையின் வலது பாதியில் நாங்கள். ஆறு தோட்டத்துக்காரர்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே காரியம், விசில் தப்பால்காரர் கையில் இருக்க வேண்டும் என்பது.

அதில் நான் பின்வரிசை ஆட்டக்காரன். என் வேலை பந்தை எங்கள் பக்கத்திலிருந்து எங்கேயாவது தொலைப்பது. வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தோடு ஒரு ஆட்டம். இரண்டாம் பாதியில் மூட்டம் இறங்கிவிட்டது. எங்கள் மலையில் மூட்டம் இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் கம்பளி மட்டும்தான் தெரியும். காலுக்கு வந்த பந்தை வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். அது மூட்டத்துக்குள் போய்விட்டது. சற்று நேரத்தில் எதிரிக் கோல்காரன், அடப்பாவி என்று அலறினான். பந்து கம்பங்களுக்கு நேர் பின்னால், தேயிலைச் செடி அடியில் கிடந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே கோல்.

அண்ணன் விசில் ஊதவில்லை. நான் பாக்கல என்றார். எதிரிக் கோல்காரன் யோக்கியன். அவனே முன்வந்து, என் கையைத் தாண்டித்தான் போயிற்று என்றான். அண்ணனோ, நீங்கள் பார்த்தீர்கள், அது உங்களுடையது. ஊத வேண்டியவன் நான், நான் பார்க்கவில்லையே என்று அவனிடம் மரியாதையாகச் சொன்னார். பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று பலகையில் ஏறியது. இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் நான் வேலை செய்யும் தேயிலை ஃபேக்டரி வாசலைக் கடக்கும்போது, "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் ரோலர் மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்றாம் மாதம் எனக்கே வெட்கமாகி, சாப்பிட்டேண்ணே என்று சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒன்றும் அந்த வருஷங்களில் எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாடு இல்லாமல் போயிற்று. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே இருந்தோம், நடுவில் ஒரே மூச்சாக ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போகவில்லை என்று காட்ட வேண்டும். மனுத் தள்ளப்பட்டால் இன்றைக்கில்லாவிட்டாலும் என்றைக்காவது பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேற வேண்டியதுதான் என்று எல்லாரும் பயந்தோம். அண்ணனும் மனுப் போட்டிருந்தார். அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். அவர் மட்டும் யுத்தம் தொடங்கிய சமயத்தில் இந்தியாவுக்குப் போயிருந்தார். போனது ஒரு வருஷத்துக்கு மேல்.

இது எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. வேறொருவர் பை சுமந்தது நினைவிருக்கிறது. ஆனால் பிரஜாவுரிமைக் கந்தோரில் யாருக்கும் தெரிய வழியில்லை. வேலைக்கு வந்தவர்கள் பெயரைப் பதியும் செக்ரோல் புத்தகங்களில் அந்த வருஷங்களுடையதைக் கறையான் தின்றுவிட்டது. கேட்டால், இங்கேதான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நடுவில் அவர் இல்லாமல் போனார் என்று சொல்ல உலகத்தில் ஒரு காகிதம் கிடையாது.

"ஒங்க அண்ணன் வாய நம்ப முடியாது தம்பி. நீங்க போயி சாச்சி சொல்லுங்க. நானும் புள்ளைகளும் எங்க போவோம்?" என்றார் அவர் மனைவி. கொழுந்துக் கூடையை இறக்காமலேயே நின்று கேட்டார்.

விசாரணைக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் லயத்து வாசலில் நாங்கள் நாலு பேர் கூடி ஒத்திகை நடத்தினோம். நான் அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொடுத்தேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் சாட்சிக்கு வருகிறேன், நீங்கள் என் பேச்சை ஒட்டிச் சொன்னால் போதும் என்றேன். நீ பார்த்ததை நீ சொல்லு என்றார். மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக் கலைந்தோம். அவரை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறோம், அதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை.

ஹட்டனில் விசாரணை. அன்றும் அவர் தபாலைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் வந்தார், வர நேரமாயிற்று. அதிகாரி சிங்கள ஐயா, களைத்துப்போன முகம், சுருக்கென்று பேசாதவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். மனுக்காரர் வரும்வரை சாட்சியை முடித்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் கோப்புகள் அடுக்கியிருந்தன. அதில் என் சொந்த மனுவும் ஒன்று என்பது எனக்குத் தெரியும். சத்தியம் செய்தேன். யுத்தம் தொடங்கிய அந்த இரண்டு வருஷமும் இவர் பையோடு போவதைத் தினமும் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லும்போது எனக்கு வாய் நீளும். மழை நாளில் குடையைப் பைக்குப் பிடித்துக்கொண்டு நனைந்து போவார், நான்தான் பாவமே என்று பார்த்துக்கொண்டு நிற்பேன் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் எழுதிக்கொண்டு, அங்கேயே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

அண்ணன் வந்தார். கும்பிட்டார். நடுவில் எங்காவது போனீரா என்று கேட்டார்கள்.

"போனேங்க. ஊருல ஆத்தாளுக்கு ஒடம்பு சொகமில்லன்னு போனேன்."

மொழிபெயர்ப்பவர், எத்தனை மாதம், பன்னிரண்டுக்குள்தானே இருக்கும் என்று கேட்டார். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தார், நல்ல மனிதர்.

"பதினாலுங்க. சித்திர பொறந்து போனேன், மறு வருஷம் வைகாசி முடிஞ்சு வந்தேன்."

அதிகாரி எழுதியதைப் புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டார். சிங்களத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் இந்த ஆள் சத்தியம் செய்து பொய் சொன்னானா? ஆமாம் என்று அவர் சொன்னால் அவருடைய மனுவோடு என்னுடையதும் போயிற்று. ஜெயிலுக்குப் போனாலும் போவேன். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எனக்கு இருபத்தொன்பது வயது; அந்தப் பெஞ்சில் கடவுளே கடவுளே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பலகையில் எழுதும் முன் காகிதத்தைப் பார்ப்பாரே, அதே நிதானம்.

"அவரு என்ன பாத்தாருன்னு நான் எப்பிடிங்க சொல்றது? நான்தான் அப்ப இங்க இல்லையே" என்றார்.

அது மொழிபெயர்க்கப்பட்டதும் அதிகாரி என் சாட்சி இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு நான் சொன்னதையெல்லாம் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அவர் மனுத் தள்ளுபடியாயிற்று, என்னுடையது மறு வருஷம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் கழித்து அவர் மனைவி மக்களோடு இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் ரயிலேறினார். அதுவரை பலகை இருந்தது. அந்தத் தீவுக்கும் சுதந்திரம் வந்ததைப் பத்திரிகையைப் பார்த்து அவர்தான் பெரட்டில் சொன்னார். அங்கே எங்களைப் போல் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு ஓட்டு உண்டா என்று காமாட்சி அக்கா கேட்டதும், நானாவிடம் வாசிக்கச் சொல்லி, உண்டு என்று மறுநாள் வந்து சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது வருவது அந்த ஹட்டன் பஸ் நிலையம். விசாரணை முடிந்து வெளியே வந்து நின்றோம். பிழைத்துவிட்ட ஆத்திரத்தில் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. அண்ணியிடம் போய் என்ன சொல்வீர்கள், பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள், ஒரு வார்த்தை, இங்கே இருந்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் வெறும் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். கோபப்படவில்லை. எனக்குப் புரிய வைக்க வேண்டுமே என்ற கவலைதான் முகத்தில் இருந்தது.

"அந்தப் பதினாலு மாசமும் ஆத்தா பக்கத்துலயே இருந்தேன். நாந்தான் ஊட்டிவிட்டேன், நாந்தான் கழுவிவிட்டேன். வேற புள்ள கெடையாது அதுக்கு. நான் இங்க இருந்தேன்னு சொல்லிட்டா, எங்க ஆத்தாளுக்குக் கொள்ளி வச்சது யாரு தம்பி?"

கொட்டகலை பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றே வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.